கேஸ் ஏன் இறங்குது?

போன சித்திரையில் எங்கள் ஊர் ஏசி மெக்கானிக்குகள் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் கம்பளிச் சால்வை. கூட்டம் நடந்த மண்டபத்தில் ஏசி ஓடவில்லை. மண்டபம் நிறைய மெக்கானிக்குகள் உட்கார்ந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தோம். ஒருவரும் எழுந்துபோய் அது என்ன ஏது என்று பார்க்கவில்லை. பார்த்தால் கூலி யார் தருவது என்பதுதான் எல்லோருடைய யோசனையும்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, சொந்தமாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அண்ணாச்சி, இதுல எல்லா ரிப்பேருக்கும் ரேட் போட்டிருக்கான். கேஸ் நிரப்ப இம்புட்டு, சர்வீசுக்கு இம்புட்டுன்னு. ஜனங்க இதைக் காட்டித்தான் எங்ககிட்ட பேரம் பேசுதாக. உங்க காலத்துல எதை வச்சு ரேட் சொன்னீக?"

நானும் உற்சாகமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு ஒரு போன் வந்தது. அப்படியே பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் நழுவ வேண்டுமென்றால் போன் வந்ததாகப் பாவனை செய்யக்கூட வேண்டாம், பக்கத்தைத் திருப்பினால் போதும்.

நான் முதலில் ஒரு பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பிறகு மதுரைக்குப் போய்ச் சில மாதங்கள் ஃபிரிட்ஜ் வேலை கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, ராஜபாளையத்தில் ரெங்கராஜா என்பவருடைய ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏணி மேல் நின்று கற்றது.

அப்போது வீட்டில் ஏசி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மில் முதலாளிகள், இரண்டு மூன்று டாக்டர்கள், சில பெரிய வியாபாரிகள். எல்லாம் ஜன்னலில் உட்கார வைக்கும் பெட்டி. ஒரு வீட்டில் ஏசி வாங்கினால் அந்தத் தெருவே பார்க்க வரும். கதவைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் குளிரைக் காட்டுவார்கள். கொஞ்ச நாளில், "என்னய்யா உங்க மிஷின், ரூமே குளிர மாட்டேங்குது" என்று எங்களுக்கு ஆள் வரும்.

ரிப்பேர் செலவு எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்று கேட்டால், மிஷினைவிட வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். எங்கள் ஊரில் பஞ்சாலைக்குப் பக்கத்து வீடு என்றால் ஒரு செலவு, தள்ளி இருக்கும் வீடு என்றால் ஒரு செலவு. காற்றில் பறக்கும் பஞ்சு மிஷினின் முதுகில் போய் அப்பிக்கொள்ளும். முதுகுப்பக்கம் காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடும். ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்துணி நெய்து அனுப்பும் ஒரு வியாபாரி, பஞ்சு உள்ளே போகக் கூடாது என்று தன் சரக்கையே எடுத்து மிஷினுக்குக் கட்டுப்போட்டுவிட்டார். ஒரு சுற்று இரண்டு சுற்று இல்லை. கை முறிந்தவனுக்குக்கூட அவ்வளவு கட்டுப்போட மாட்டார்கள். மிஷின் மூச்சுத் திணறி நின்றது. கட்டைப் பிரித்துவிட்டு வந்ததுதான் நாங்கள் செய்த வைத்தியம்.

இன்னொரு வீட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய். வீட்டுக்காரரை அந்த அறையில் தூங்க விடாது, தான் மட்டும் தூங்கும். அதன் முடி வடிகட்டியை அடைத்துவிட்டது. வடிகட்டியைக் கழுவி மாட்டினோம். அந்த வேலை முடியும்வரை நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளின் கூலிதான் எங்கள் கூலியைவிட அதிகம்.

கேஸ் விஷயத்தில் மட்டும் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே கட்சி. அடுப்பு கேஸ் தீர்வதுபோல ஏசியிலும் கேஸ் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். "போன வருஷம் ஊத்தினது, அதுக்குள்ள காலியா? நீங்க அரைக்குத்தான் ஊத்தியிருக்கீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஏசியில் கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். இறங்கியது என்றால் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டு வருகிறவன் மெக்கானிக் இல்லை என்பார் முதலாளி.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெங்கராஜா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளியே எங்களைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு டார்ச். ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த உடனே திருப்புளியைத் தொடமாட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிறகு மிஷினுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "செப்பண்டி" என்பார். சொல்லுங்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரரிடம் ஒரு தடவை கேட்பார். அதையே வீட்டுக்கார அம்மாவிடம் கேட்பார். கடைசியாக அந்த மிஷினுக்குக் கிட்டே படுத்துத் தூங்குகிறவர் யாரோ அவரிடம் கேட்பார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அதற்குள் அவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். பஸ் டிக்கெட்டைக்கூட அவரே எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துவார், பில்லில் சேர்க்க வேண்டுமல்லவா. எங்கள் யாரையும் எடுக்க விடமாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, மிஷின் யாரால் கெட்டது என்று பேரைச் சொல்லி, தெருவில் கேட்கும் குரலில் அறிவிப்பார்.

ஒரு வக்கீல் வீட்டில் காயில், அதாவது மிஷினுக்குள் குளிர்கிற செம்புக் குழாய்ச் சுருள், முழுக்கப் பனிக்கட்டி பிடித்துக் காற்றே வரவில்லை. முதலாளி மூன்று பேரிடமும் விசாரித்தார். பிறகு எழுந்து வக்கீல், சம்சாரம், மருமகள், சமையல்காரர் எல்லோரையும் நிற்க வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. பெரியவர் குளிச்சிட்டுக் கோமணத்தை மிஷின் முன்னாடி காயப்போடுதாக. காத்து போக வழியில்லாம பனி பிடிக்குது."

வக்கீலின் அப்பா, நல்ல கம்பீரமான மனிதர், தூணுக்குப் பின்னால் போய்விட்டார். வெளியே வந்ததும், "என்ன முதலாளி, தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தனியாச் சொன்னா மறுநாளும் காயப்போடுவாரு. நாலு பேர் முன்னால சொன்னாத்தான் அடுத்த ரிப்பேர் வராது. அவுகளுக்குக் காசு மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன், புரியுதா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டுக்கு அதே வேலைக்காக நாங்கள் மறுபடி போகவே இல்லை. தன் கடை வேலையில் தப்பு என்று மட்டும் யாரையும் வாய் திறக்க விடமாட்டார். "எங்க கையில தப்பு வராது. வந்தா கடையைப் பூட்டிட்டுப் போயிருவேன்" என்பார். கேட்டவர்கள் அதற்கு மேல் பேசுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த கேஸ். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் வன்னியம்பட்டியில் மாடசாமி என்று ஒரு ஹவில்தார் இருந்தார். ராணுவத்தில் லாரி மெக்கானிக். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. ஆளைத் தூக்கிப் படுக்க வைத்தால் படுத்த இடம்தான். அதில் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அப்படி அடிபட்டவர்களுக்கு உடம்பு வியர்க்காதாம். வியர்க்காவிட்டால் வெயில் காலத்தில் சூடு உள்ளேயே தங்கிக் காய்ச்சல்போல் ஏறிக்கொண்டே போகும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் பக்கத்து வெயிலைக் கேட்கவா வேண்டும்? அதனால் ராஜபாளையத்தில் ஒரு மில் விருந்தினர் வீட்டில் இருந்த பழைய ஏசியை முதலாளியே பேசி வாங்கிக் கொடுத்து, ஓட்டு வீட்டு அறைக்கு உள்கூரை அடித்து மாட்டிவிட்டார். நான் ஏசி மாட்டிய வீடுகளில், பவிசுக்காக இல்லாமல் உயிருக்காக மாட்டிய வீடு அது ஒன்றுதான்.

ஹவில்தாருடைய சம்சாரம் பேச்சியம்மாள். ஒடிசலான உடம்பு, ஓயாத வேலை. ஹவில்தாரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் அந்த அக்காதான். மாட்டிய அன்று முதலாளி அந்த அக்காவிடம் வழக்கமான பாடத்தை ஒப்பித்தார்.

"அம்மா, வாரம் ஒருக்கா முன்மூடியைக் கழட்டணும். வடிகட்டியைக் கழுவி மாட்டணும். சுத்தமா வச்சிருந்தா உங்களுக்குச் செலவே வராது."

இதை நாங்கள் எல்லா வீட்டிலும் சொல்வோம். எல்லா வீட்டிலும் தலையை ஆட்டுவார்கள். ஒருத்தரும் செய்யமாட்டார்கள். எங்கள் தொழிலில் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே ஆள் பேச்சியம்மாள் அக்காதான். கடைசியில் அதுதான் வினையாக வந்தது.

முதல் கோடை நல்லபடியாகப் போனது. அடுத்த கோடையின் ஆரம்பத்தில் குளிர் குறைந்துவிட்டது என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் கேஸ் இறங்கியிருந்தது. ஓட்டை தேடுவது பொறுமையான வேலை. காயிலை அடைத்து உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு வளைவிலும் தடவிவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் கடுகளவு குமிழ் கிளம்பும். கண் சிமிட்டினால் தவறிவிடும். அன்றைக்கு முன்பக்கத்துக் காயிலின் ஓரத்தில், செம்புக் குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் குமிழ் வந்தது. வெல்டிங் வைத்து, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸ் நிரப்பினோம். கேஸ் சிலிண்டர் அப்போது மதுரையிலிருந்து பஸ் மேலேறி வர வேண்டும். செலவு கொஞ்சமில்லை.

அன்றைக்கு முதலாளி அந்த மிஷினின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு அக்காவைப் பாராட்டினார். "இம்புட்டு சுத்தமா வச்சிருக்கிற வீட்டை நான் பார்த்ததே இல்லம்மா." செம்பு வளைவுகள் எல்லாம் அப்படி மின்னின. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒரே மாதத்தில் மறுபடி இறங்கிவிட்டது. இந்தத் தடவை பக்கத்து வளைவு. மறுபடி வெல்டிங், மறுபடி கேஸ். முதலாளிக்கு உறக்கம் போனது. கரண்ட் ஏற்றத்தாழ்வா, மிஷின் அதிர்கிறதா, பழைய செம்பா என்று குழம்பினார். மூன்று பேரிடமும் விசாரிக்கும் வித்தையும் பலிக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

பணம் கொடுத்தது ஹவில்தாருடைய தம்பி தங்கவேலு. ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டாவது தடவை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிச் சொன்னார்.

"காசு போனாப் போகுது. மிஷின் நிக்கிற அன்னைக்கெல்லாம் எங்கண்ணன் உடம்பு கொதிக்குது. ஒரு நாள் நாங்க பார்த்துக்கிட்டே இருக்கப் போயிட்டா? வடக்க ராணுவக்காரங்களுக்குன்னு ஆஸ்பத்திரியோட ஒரு இல்லம் இருக்கு. எடம் தாரேன்னுட்டாக. இன்னொரு தடவை கேஸ் இறங்குச்சுன்னா நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்திருவேன்."

"அக்காவும் கூடப் போவாகளா?"

"ஆம்பளைங்க மட்டும் இருக்கிற இடம்பா. மதினி இங்கதான்."

விஷயம் அதுதான். இன்னொரு தடவை கேஸ் இறங்கினால் ஹவில்தார் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். சித்திரை முடியும் முன்னால் மூன்றாவது தடவை ஆள் வந்துவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளிக்கு ராஜபாளையத்தில் ஒரு வேலை இருந்ததால் என்னை முன்னால் அனுப்பினார். மத்தியானம் தங்கவேலுவும் வருவதாக ஏற்பாடு. நான் காலையிலேயே போய்விட்டேன். அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுச் சத்தம்.

ஹவில்தார் கட்டிலில் ஈரத்துணி போர்த்திப் படுத்திருந்தார். அக்கா முக்காலி மேல் ஏறி நின்று, நின்றுபோயிருந்த மிஷினின் முன்மூடியைக் கழற்றிவிட்டு, எதையோ தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். கீழே தரையில் பளபளவென்று குத்துவிளக்கு, செம்புக்குடம், சொம்பு. வெள்ளிக்கிழமை விளக்கும் பாத்திரமும் தேய்த்த கையோடு, மிச்சமிருந்த புளியையும் உப்பையும் எடுத்துக்கொண்டு ஏசியிடம் வந்திருக்கிறார். அந்தச் செம்பு வளைவுகளை ஒவ்வொன்றாகப் புளிபோட்டு விளக்கிக்கொண்டிருந்தார். மூடியில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

சாமான் பையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. செம்புக்குடம் தடிமனானது, நூறு வருஷம் தேய்த்தாலும் தாங்கும். ஏசிக் குழாய் பூவரச இலை மாதிரி மெல்லிசு. வாராவாரம் புளியும் உப்பும் பட்டால் அரித்து ஓட்டை விழாமல் என்ன செய்யும்? அந்தப் பளபளப்பைத்தான் நாங்கள் இரண்டு தடவை பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனோம். சுத்தமாக வை என்று சொன்னதும் நாங்கள்தான்.

"வா தம்பி" என்றார் அக்கா, இறங்காமலே. "அவிய உசுரைக் காக்குற மிஷின் ஏன்தான் இப்படிப் படுத்துதோ. நானும் கொறை வைக்காமத்தான் பார்த்துக்கிடுதேன். இந்த வாரம் இன்னும் ரெண்டு தடவை சேர்த்துத் தேச்சுட்டேன்."

தண்ணீர் கொண்டுவர அக்கா அடுப்படிக்குப் போனார். ஹவில்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ரேடியேட்டரைப் பிரித்து மேய்ந்த மனிதர் அவர். என் முகம் போன போக்கைப் பார்த்தார், தரையில் இருந்த புளி உருண்டையைப் பார்த்தார். அதுவரை கட்டிலிலிருந்து அக்காவின் முதுகை மட்டுமே பார்த்திருந்தவருக்கும் அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"ஏலே கணேசா," என்றார் மெதுவாக. "இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நீ சீட்டு விளையாடப் போயிராத."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவகிட்டச் சொல்லிராதலே. என்னைய ஆஸ்பத்திரியில ஆறு மாசம் கூடவே இருந்து பொழைக்க வச்சவ. அவ கையாலதான் மிஷின் கெட்டுதுன்னு தெரிஞ்சா, அந்தக் கையை வச்சு எனக்கு ஒரு வாய் சோறு ஊட்ட மாட்டா. வெள்ளிக்கிழமை இந்த ஒரு மணி நேரந்தான் அவ எங்கிட்ட நின்னு பேசுத நேரம். அதும் மிஷினைப் பார்த்துக்கிட்டே பேசுவா, அது வேற."

"சொல்லாட்டி மறுபடியும் ஓட்டை விழும், அண்ணாச்சி. உங்களைக் கொண்டுபோய் விட்ருவாக."

"போறேன். நான் பார்க்காத வடக்கா?" என்றவர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

எனக்கு முதலாளியை நினைத்துத்தான் பயம். காரணத்தை அவர் கண்டுபிடிக்காமல் இருக்கப்போவதில்லை. கண்டுபிடித்தால் தங்கவேலு முன்னால், தெருவே கேட்க, பேர் சொல்லாமல் இருக்கப்போவதும் இல்லை. சோப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் வெயிலில் காத்து நின்றேன். சோப்பு என் பையிலேயே இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நடந்துகொண்டே கேட்டார்.

"அப்ப காரணம் சொல்லாம வேலை பார்க்கச் சொல்றியா?"

"இந்த ஒரு வீட்டுல மட்டும் முதலாளி."

"காரணம் சொல்லாட்டி அந்த அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையும் தேய்க்கும். நான் என்ன பொய் சொல்லிப் பொழைக்கிறவனா? பேசாம வா."

வழக்கம்போல் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கவேலு சுவரோரம் கைகட்டி நின்றார். அக்கா கட்டிலின் தலைமாட்டில். காற்றழுத்தம் ஏற்றி நான் நுரை தடவினேன், முதலாளி டார்ச் அடித்தார். ஒரு குமிழ் வந்தது. செத்த நேரம் கழித்து இன்னொன்று. முதலாளி எழுந்து, நுரை படாத ஒரு வளைவை விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். புளிப்பு எனக்கே தெரிந்தது, அவர் முகம் அப்படிச் சுருங்கியது.

"என்ன முதலாளி?" என்றார் தங்கவேலு. "திரும்பத் திரும்ப ஏன் கேஸ் இறங்குது? யார் பண்ற தப்பு? நீங்கதான் பேர் சொல்ற ஆளாச்சே, சொல்லுங்க."

முதலாளி தொண்டையைச் செருமினார். வக்கீல் வீட்டில் செருமிய அதே செருமல். ஹவில்தார் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க தப்பு" என்றார் முதலாளி.

அதே குரல்தான், தெருவில் கேட்கும் குரல்.

"வெல்டிங் சரியில்ல. ரெண்டு தடவையும் எங்க கடையில வேலை சுத்தமாப் பார்க்கல. இன்னைக்கு இதுக்குக் காசு கிடையாது. முன்னால ரெண்டு தடவை வாங்கினதும் திருப்பித் தாரேன். இந்தக் கோடைக்குள்ள மறுபடி கேஸ் இறங்குனா நான் கடையைப் பூட்டிட்டுப் போயிருதேன். அதுவரைக்கும் உங்க அண்ணனை எங்கயும் கொண்டுபோக வேண்டாம்."

தங்கவேலுவுக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். எங்கள் இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்து, "சரி, இந்தக் கோடை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அரித்துப்போன வளைவுகளை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தோம். கேஸ் நிரப்புவதற்கு முன் முதலாளி கறுப்புப் பெயின்ட் வாங்கி வரச்சொல்லி, செம்பு வெளியே தெரியாதபடி எல்லா வளைவிலும் தன் கையாலேயே பூசினார். வேட்டியில் இரண்டு இடத்தில் கறுப்பு. பிறகு அக்காவைப் பார்த்து, நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்.

"அம்மா, இந்த ஓரத்துல இனிமே கை படக்கூடாது. வடிகட்டியை மட்டும் கழட்டி, வெறும் தண்ணியில கழுவுங்க. வெறும் தண்ணி."

அக்கா கையில் சொம்பு இருந்தது. கறுப்பு வளைவுகளைப் பார்த்தார். மூலையில் விளக்கும் குடமும் இருந்த பக்கம் பார்த்தார். "சரிங்க மொதலாளி" என்றார். ஹவில்தார் உள்கூரையை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஷின் ஓடத் தொடங்கியது. அறை குளிரக் குளிர ஹவில்தாருக்குப் பழைய வாய்த்துடுக்கு திரும்பியது. "மொதலாளி, தப்பை ஒத்துக்கிட்டு எங்களுக்குக் காசு திருப்பித் தந்த முத ஆளு நீங்கதான். எங்க ராணுவத்துல இது நடக்காது" என்றார். முதலாளி கேட்காததுபோல் டார்ச்சைத் துடைத்தார்.

'எங்க தப்பு' என்ற சொல்லுக்கு முதலாளி கொடுத்த விலை பெரியது. ரெங்கராஜா கடையில் வெல்டிங் சரியில்லை, அவரே ஒப்புக்கொண்டார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்து வேலைகள் ஒரு வருஷத்துக்குமேல் வேறு கடைக்குப் போயின. டீக்கடையில் கேலி செய்தார்கள். வக்கீலின் அப்பாகூட ஒரு நாள் கடைக்கு வந்து, "என்ன ராஜா, உங்க கோமணமும் காயுதாமே" என்று கேட்டுவிட்டுப் போனார். முதலாளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த மிஷினில் அதற்குப் பிறகு பல வருஷம் கேஸ் இறங்கவில்லை, ஹவில்தாரும் வடக்கே போகவில்லை. போனில் ரேட் பார்க்கும் தம்பி, இந்த ரிப்பேருக்கு அதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

வேலை முடிந்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அக்கா ஒரு மஞ்சப்பையோடு வேகமாக வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தார். பையை முதலாளி கையில் கொடுத்தார்.

"எங்க மரத்துப் புளி, மொதலாளி. கொட்டை எடுத்தது. வீட்டுல குடுங்க." பிறகு, "எங்க வீட்டுல இனிமே இது கொழம்புக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

முதலாளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. ராஜபாளையத்துக்கு இரண்டு டிக்கெட் நான்தான் எடுத்தேன். அதை எந்த பில்லிலும் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.